பழைய படங்களை இன்றைய காலத்துக்கு ஏற்றபடி மாற்றி வெளியிடுவது சரியா?

சரியில்லை. உங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பார்கள், அவர்களோடு பழைய படம் பார்க்கும்போது ஏதோ ஒரு காட்சியில் நெளிந்திருப்பீர்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சங்கடம் எனக்கும் தெரியும். ஆனாலும் சரியில்லை.

1988இல் எங்கள் தெருவில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து 'ஈ.டி.' போட்டார்கள், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒன்றைப் பையன்கள் காப்பாற்றும் ஸ்பீல்பெர்க் படம். கடைசியில் பையன்கள் சைக்கிளில் தப்பிப் போகும்போது வழியை மறிப்பவர்கள் கையில் துப்பாக்கி. அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடுத்த நொடி சைக்கிள்கள் வானத்தில் ஏறின. அவ்வளவு பயந்ததால்தான் அப்படிக் கை தட்டினோம்.

அண்ணன் 2008இல் இறந்துவிட்டான். இந்தக் கதையை மகளுக்கு நூறு தடவை சொல்லியிருந்தான். மறு வருடம் அவளுக்காக டிவிடி வாங்கிப் போட்டேன். அந்தக் காட்சியில் துப்பாக்கியே இல்லை, வாக்கி டாக்கி வைத்திருந்தார்கள். "அப்பா சொன்ன துப்பாக்கி எங்க சித்தப்பா?" என்றாள். எனக்கே என் நினைவின் மேல் சந்தேகம் வந்தது. அப்பா சும்மா கதை விட்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2002இல், இருபதாம் ஆண்டு வெளியீட்டுக்காக ஸ்பீல்பெர்க்கே கணினியில் மாற்றியிருக்கிறார். அம்மாவின் வசனத்தில் வரும் 'பயங்கரவாதி'கூட 'ஹிப்பி' ஆகிவிட்டது. 2012இல் ப்ளூ-ரேயில் பழைய படமே திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அந்தக் காட்சியை அண்ணன் மகள் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மாற்றியிருக்கக் கூடாது என்று ஸ்பீல்பெர்க்கும் 2023இல் வெளிப்படையாகச் சொன்னார்.

குழந்தைகளுக்குத் துப்பாக்கி காட்டச் சொல்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நிறத்தையும் சாதியையும் கேலி செய்யும் காட்சிகளால் காயப்படுகிறவர்களின் கோபம் நியாயமானது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் காட்சியை அழித்துவிட்டால், அப்படிக் கேலி செய்தவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள். கறுப்பின மக்களின் அடிமை வாழ்வை மெழுகிக் காட்டுகிறது என்ற விமர்சனம் எழுந்ததால், 2020இல் எச்பிஓ மேக்ஸ் என்ற இணையத் தளம் 'கான் வித் த விண்ட்' என்ற பழைய ஹாலிவுட் படத்தை எடுத்துவிட்டு, பிறகு ஒரு திரைப்பட அறிஞரின் விளக்கத்தை முன்னால் சேர்த்து, படத்தில் கை வைக்காமல் திரும்பப் போட்டது. அதுதான் நேர்மையான வழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அண்ணன் கல்யாண கேசட்டை சிடியாக மாற்ற ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். இரைச்சலாக இருக்கிறது என்று, பேச்சை எல்லாம் எடுத்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டு போட்டுக் கொடுத்தார்கள். பந்தியில் அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிச் சிரிப்பான். இப்போது வாய் மட்டும் அசைகிறது. கேசட்டைக் கேட்டுத் திரும்பப் போனோம். பழையதை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். அம்மா அந்த சிடியை அதற்கப்புறம் போடச் சொன்னதே இல்லை.