நோட்டீஸ் வந்ததும் பேரம் பேசாதீர்கள், பாலிசியை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: வணக்கமுங்க வக்கீல் சார். கோபிச்செட்டிபாளையத்தில் பதினொரு வருடமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். 2025 மார்ச்சில் ஒரு பெண்ணுக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தேன். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். அதிலிருந்து அவருக்குக் கீழ் உதடு ஒரு பக்கம் மரத்தே கிடக்கிறது. டீ குடித்தால் வழிவதுகூடத் தெரிவதில்லை என்று ஏப்ரலில் வந்து சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது நவம்பரில் 12 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ், 15 நாளில் பதில் வேண்டுமாம். 2021 ஜூனில் இருந்து, சிகிச்சையில் தவறு என்று யாராவது நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் இண்டெம்னிட்டி பாலிசி வைத்திருந்தேன். இந்த ஜூன் 9ஆம் தேதி அது முடிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ஆகஸ்ட் 2ஆம் தேதி வேறு கம்பெனியில் 25 லட்சத்துக்குப் போட்டேன். பல் எடுத்தபோது பழைய பாலிசி, நோட்டீஸ் வந்தபோது புதுப் பாலிசி. எது கைகொடுக்கும்? இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒருவர், "ஏனுங் டாக்டர், ஒன்றரை லட்சத்தைக் குடுத்துப் பேசி முடிச்சுக்கலாமுங், கோர்ட்டுக்கெல்லாம் எதுக்குங்" என்கிறார். செய்துவிடலாமா? பாலிசி, சிகிச்சைக்குச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்திட்ட கன்சென்ட் ஃபார்ம், இவற்றின் போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: டாக்டர், உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. பணம் கொடுக்காதீர்கள். கொடுக்கிறேன் என்று வாயால்கூடச் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒத்துக்கொள்ளவோ, தொகை பேசவோ, கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை இந்த வகைப் பாலிசியில் அனேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் பாலிசியிலும் இருக்கிறது, நீங்கள் அனுப்பிய நாலாவது போட்டோவில் பொடி எழுத்தில்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரோட்டுப் பக்கத்து எலும்பு மருத்துவர் ஒருவர், சில வருடங்களுக்கு முன்னால், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை வைத்து இரண்டு லட்சம் கொடுத்து முடித்துவிட்டு, முடிந்ததென்று நம்பியே என்னிடம் வந்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் முதல் வரியே "சிகிச்சையில் ஏற்பட்ட தவறுக்காக" என்று ஆரம்பிக்கிறது. ஒன்பது மாதம் கழித்து அந்தக் குடும்பம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டபோது, அவர்கள் கையில் இருந்த முதல் சாட்சியே அந்தப் பேப்பர்தான். இன்சூரன்ஸ் கம்பெனியோ, எங்களைக் கேட்காமல் ஒத்துக்கொண்டீர்கள், நிபந்தனையை மீறினீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டது. வருடா வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டிய மனுஷன் அவர்.

சரி, எந்தப் பாலிசி என்ற விஷயத்துக்கு வருவோம். வண்டி இன்சூரன்ஸ் மாதிரி இதை நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம். வண்டியில் விபத்து நடந்த தேதியில் எந்தப் பாலிசி நடப்பில் இருந்ததோ அதுதான் பொறுப்பு. இண்டெம்னிட்டி பாலிசி பெரும்பாலும் கிளெய்ம்ஸ் மேட் என்ற வகை: உங்கள் மேல் கோரிக்கை வந்த தேதியில் நடப்பில் இருக்கும் பாலிசிதான் பேசும். அதோடு, எந்த நாளிலிருந்து செய்த சிகிச்சைகளுக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்று அதில் ஒரு தேதி குறித்திருப்பார்கள், ரெட்ரோஆக்டிவ் தேதி என்று பெயர்; சிகிச்சை நடந்த நாள் அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஆக, பொறுப்பு உங்கள் புதுப் பாலிசியின் பக்கம். அதன் ஷெட்யூலில், அதாவது பாலிசி விவரப் பட்டியலில், இரண்டாம் பக்கம், பிரீமியம் கணக்குக்குக் கீழே, ரெட்ரோஆக்டிவ் டேட் என்ற கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 10.06.2021 என்று இருக்கிறது. நல்லவேளை. அந்தக் கட்டத்தில் 02.08.2025 என்று அடித்திருந்தால் மார்ச்சில் எடுத்த பல்லுக்கு இந்தப் பாலிசி வராது, ஜூனோடு முடிந்த பழைய பாலிசியும் வராது, இரண்டு பாலிசிக்குப் பணம் கட்டியும் நடுவில் விழுந்திருப்பீர்கள். கம்பெனி மாற்றுகிற எல்லா டாக்டர்களும், இன்ஜினியர்களும், ஆடிட்டர்களும் பாலிசி கைக்கு வந்த அன்றே பார்க்க வேண்டிய கட்டம் அது. பழைய பாலிசி நகல்களை ஏஜெண்டிடம் கொடுத்து, அந்தத் தேதியை அப்படியே கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்களுக்கு வேறொரு இடத்தில் கண்டம் இருக்கிறது. 53 நாள் பாலிசியே இல்லாமல் இருந்தும் பழைய தேதியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், "கோரிக்கை எதுவும் வரவில்லை, வரக்கூடிய சம்பவம் எதுவும் எனக்குத் தெரியவில்லை" என்று உங்களிடம் ஒரு உறுதிமொழி வாங்கியிருப்பார்கள். பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பமான புரபோசல் ஃபார்மிலும் இதே கேள்வி இருக்கும். நீங்கள் அந்த ஃபார்மின் போட்டோவை அனுப்பவில்லை. ஏஜெண்டே நிரப்பி, நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டீர்களோ என்று நினைக்கிறேன். ஏப்ரலில் அந்தப் பெண் வந்து உதடு மரத்திருக்கிறது என்று சொன்னது, கோரிக்கை வரக்கூடிய சம்பவமா இல்லையா? கம்பெனி அதைத்தான் பிடிக்கும். காப்பீட்டில் முக்கியமான தகவலை மறைத்தால் கிளெய்மை மறுக்கலாம் என்று 2009இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மெடிக்கிளெய்ம் வழக்குதான், ஆனாலும் கொள்கை ஒன்றே. என் வாதம் இப்படி இருக்கும்: ஞானப்பல் எடுத்தபின் நரம்பு மரப்பது தெரிந்த பக்கவிளைவு, நிறையப் பேருக்குச் சில மாதங்களில் தானாகவே குணமாகிறது, அந்தப் பெண் ஏப்ரலில் சண்டை போடவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை, ஆகவே கேஸ் வரும் என்று நினைக்க உங்களுக்குக் காரணமில்லை. இது நிற்கக்கூடிய வாதம். ஆனால் ஏப்ரல் வருகையை நீங்கள் மறைத்து எழுதினால் இந்த வாதமே செத்துவிடும். தகவல் கடிதத்தில் அதைத் தேதியோடு நேராகச் சொல்லிவிடுங்கள்.

தொகையையும் ஒரு முறை பாருங்கள். 25 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள்; அது வருடம் முழுவதற்கும் சேர்த்து. ஷெட்யூலில் ஒரு சம்பவத்துக்கான வரம்புக்கும் வருட வரம்புக்கும் ஒன்றுக்கு இரண்டு என்று ஒரு விகிதம் இருக்கிறது, அப்படியென்றால் ஒரு சம்பவத்துக்கு 12.5 லட்சம்தான். ஒன்றுக்கு நாலு என்று இருந்திருந்தால் 6.25 லட்சம்தான் கிடைத்திருக்கும். வக்கீல் செலவும் இந்த வரம்புக்குள்ளேயே கழியும் என்று உங்கள் பாலிசி சொல்கிறது, அதற்கும் முன்னால் எக்ஸஸ் என்று ஒரு தொகை உங்கள் கைக்காசு. 12 லட்சம் கேட்டிருப்பதால் அநேகமாக உள்ளேயே அடங்கும். அபராதம், தண்டனைத் தொகை, வேண்டுமென்றே செய்தது, குடித்துவிட்டுச் செய்தது, தகுதிக்கு மீறிச் செய்தது, இதற்கெல்லாம் பாலிசி வராது.

வழக்கு வந்தால் எங்கே வரும்? 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, காசு வாங்கிப் பார்க்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெண் தான் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம், அதனால் நீங்கள் கோபியில் இருந்தாலும் திருப்பூர் மாவட்ட ஆணையத்துக்குப் போக நேரிடலாம். அவருக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. நோட்டீஸில் உள்ள 15 நாள் அந்த வக்கீல் வைத்த கெடு. அதற்கு, நோட்டீஸ் கிடைத்தது, பதிவேடுகளைப் பார்த்து விரிவாகப் பதில் தருகிறோம் என்று ஒரு சிறு பதில் போதும், அதையும் கம்பெனிக்குக் காட்டிவிட்டு அனுப்பலாம். பயப்பட வேண்டிய கெடு வேறு: ஆணையத்திலிருந்து புகாரோடு நோட்டீஸ் வந்த நாளில் இருந்து 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அவ்வளவுதான். 46ஆவது நாள் போனால் உங்கள் பதிலுரையை வாங்கமாட்டார்கள். 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொன்னது இது. வழக்கு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி நாம் மனுப் போடலாம்.

அப்புறம், தப்பு நடந்ததா என்பது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல், சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலைமையில் செய்திருக்கக்கூடியதை நீங்கள் செய்தீர்களா என்பதுதான். விளைவு மோசமாகிவிட்டது என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. பல் எடுக்கும் முன் முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து, வேர் நரம்புக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பார்த்திருந்தால் உங்கள் பக்கம் பலமானது. அந்த ஃபிலிமைப் பத்திரமாக வையுங்கள். உண்மையைச் சொல்கிறேன், உங்கள் பலவீனம் கன்சென்ட் ஃபார்ம்தான். முழுக்க இங்கிலீஷில் அச்சடித்தது, எந்தப் பல் என்ற கட்டம் காலி, ஆபத்துகள் என்ற இடத்தில் ஒரு கோடு, கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து மட்டும் தமிழில். உதடு மரத்துப்போகலாம் என்று அவருக்குப் புரியும்படி சொன்னீர்கள் என்பதற்கு அதில் எதுவும் இல்லை. விளக்கிச் சொல்லி வாங்கும் சம்மதம்தான் சம்மதம் என்று 2008இல் உச்ச நீதிமன்றத்தின் சமீரா கோலி தீர்ப்பு சொல்கிறது. ஆனால் ஒன்று, அந்தக் காலிக் கட்டங்களை இப்போது நிரப்பிவிடாதீர்கள், ஒரு எழுத்துகூட. போட்டோ எனக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. திருத்திய பதிவேடு பிடிபட்டால், ஜெயிக்க வேண்டிய கேஸும் தோற்கும், இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை உதறிவிடும்.

இதே பாலிசி அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்புதான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வாரச் சம்பளத்தில் இருக்கிற டெய்லர், உதடு மரத்த நிலையில் சாப்பிடவே கூச்சப்படுகிறார் என்று நோட்டீஸ் சொல்கிறது. தப்பு உங்கள் பக்கம் என்று முடிவானால் அவருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டும், அதற்காக நீங்கள் கிளினிக்கை அடமானம் வைக்கவும் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய அந்த ஆள் சொல்லும் ஒன்றரை லட்சம் அவருக்கும் நியாயமில்லாமல் போகலாம். கம்பெனி சம்மதித்தால் பின்னால் சமரசம் பேச வழி இருக்கிறது, ஆணையத்திலேயே மத்தியஸ்தத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரு கடிதம். பாலிசி எண், நோட்டீஸ் கிடைத்த தேதி, மார்ச் சிகிச்சை, ஏப்ரல் வருகை, நோட்டீஸ் நகல், இவ்வளவும் வைத்துப் புதுக் கம்பெனிக்கு ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஏஜெண்டிடம் வாட்ஸ்ஆப்பில் சொன்னேன் என்பது போதாது. பழைய கம்பெனிக்கும் ஒரு நகல் போடுங்கள், அவர்கள் பாலிசியில் முடிந்த பிறகும் தெரிவிக்கலாம் என்று ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். புரபோசல் ஃபார்ம் நகலை நாளைக்கே வாங்கிவிடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் பேசலாமா என்றால், சிகிச்சை பற்றிப் பேசலாம். அவர் நோட்டீஸ் அனுப்பியதால் உங்கள் நோயாளி இல்லை என்று ஆகிவிடாது. ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டியதை, உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பரிசோதித்துப் பதிவு செய்வதையும், கோயம்புத்தூரில் ஒரு முகத்தாடை அறுவை நிபுணரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுப்பதையும், இப்போதாவது செய்யுங்கள். அவருடைய வக்கீல் மூலமாகவே அழைப்பை அனுப்பலாம், அதற்கான இரண்டு வரியை அந்தச் சிறு பதிலிலேயே நான் சேர்த்து எழுதித் தருகிறேன்.