கான்ட்ராக்டர் சுயேச்சையாக நிற்கலாமா?

கேள்வி: என் கணவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலை கான்ட்ராக்ட் எடுப்பவர். 15 வருடம் உழைத்த கட்சி சட்டமன்றத் தேர்தலில் சீட் தரவில்லை. சுயேச்சையாக நின்று காட்டுகிறேன் என்கிறார். ஜெயித்த பிறகு பழைய கட்சியிலேயே சேர்ந்துகொள்ளலாம் என்று நண்பர்கள் ஏற்றிவிடுகிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: ஓட்டுக் கணக்கை நண்பர்கள் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் முதலில் பீரோவில் இருக்கும் ஒர்க் ஆர்டர் கோப்பை எடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி, மாநில அரசுடன் நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியில்லாதவர். வேலையை முழுக்க முடித்துவிட்டார், பில் பணம் மட்டும் பாக்கி என்றால் பாதகமில்லை. சட்டமே அதற்கு விலக்கு தருகிறது. பாதியில் நிற்கும் சாலைதான் ஆபத்து. பராமரிப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். ‘விலகிக்கொள்கிறேன்’ என்று இவர் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. துறை அதை ஏற்று எழுத்தில் தர வேண்டும், மனுத் தாக்கலுக்கு முன்பே. பரிசீலனையில் யாரும் கவனிக்காமல் விட்டாலும் நிம்மதி கிடையாது. முடிவு வந்து 45 நாளுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம்.

அடுத்து, முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இந்த இடத்தில்தான். பத்துப் பேரில் இருவர், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். மீதி எட்டு இருந்தும் பயனில்லை. ஆகவே படிவத்தை யாரிடமாவது கொடுத்து ‘வாங்கிட்டு வா’ என்று அனுப்பாதீர்கள். கண்ணெதிரே கையெழுத்து வாங்குங்கள். பாகம் எண், வரிசை எண்ணைக் கடைசியாக வெளியான பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தரலாம். இரண்டு மனுவாவது, வேறு வேறு பத்துப் பேரை வைத்துப் போடுங்கள். பழைய கட்சிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் பின்வாங்கிவிடுகிற ஆளை இதில் சேர்க்கவே வேண்டாம்.

பிரமாணப் பத்திரத்தில் (படிவம் 26) நீங்களும் வருகிறீர்கள். உங்கள் நகையின் எடை, மதிப்பு, வங்கி இருப்பு, கடன், ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு எல்லாம் எழுதியாக வேண்டும். அது இணையத்திலும் ஏறும். சொந்தக்காரர்கள் பவுன் கணக்கைப் படிக்கத்தான் போகிறார்கள். கான்ட்ராக்டை உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மனைவி பெயரில் உள்ள அரசு ஒப்பந்தங்களையும் அந்தப் படிவம் கேட்கிறது என்று சொல்லுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். மறியலில் போட்ட பழைய வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும்.

டெபாசிட் 10,000 ரூபாய்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். 1,80,000 பதிவானால் 30,000 தாண்ட வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

செலவு உச்சவரம்பு 40 லட்சம். இதற்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத் தாக்கலுக்கு முந்தைய நாளாவது தொடங்கியிருக்க வேண்டும். தோற்றவர்கள் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ‘தோத்தாச்சு, இனி எதுக்குக் கணக்கு’ என்று ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு தராவிட்டால் மூன்றாண்டு தகுதிநீக்கம் வரலாம். அந்தப் பதிவேட்டை நீங்களே எழுதுவது நல்லது. டீக்கடை பாக்கி முதல் மைக்செட் வாடகை வரை அன்றன்றே ஏற்றிவிடுங்கள்.

ஜெயித்தால் பழைய கட்சியில் சேரலாம் என்பது தவறு. சுயேச்சையாக வென்றவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும், அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி பதவி போய்விடும். வெளியிலிருந்து ஆதரிக்கலாம், சட்டசபையில் அந்தக் கட்சியோடு சேர்ந்து வாக்களிக்கலாம். உறுப்பினர் அட்டை மட்டும் வாங்கக் கூடாது. சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், பதவியை ராஜினாமா செய்துவிட்டு இடைத்தேர்தலில் அந்தக் கட்சிச் சின்னத்தில் நிற்க வேண்டும். சீட் தராத கட்சி அப்போது தருமா என்று நண்பர்களையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.