டெய்லர்மேடா, ஹோன்மாவா, பெரியப்பாவின் பழைய செட்டா?

கேள்வி: கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் இருக்கிறேன். வயது 46, உயரம் 163 சென்டிமீட்டர், வலது கை ஆட்டம். வேலை நிமித்தமாக கோல்ப் பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு தடவை டிரைவிங் ரேஞ்சுக்குப் போகிறேன். தோட்டத்தில் கிராணியாக இருந்த பெரியப்பா கொடுத்த பழைய மிசுனோ செட்தான் கையில் இருக்கிறது. அவர் நல்ல உயரம். அதிலுள்ள அயர்னில் (தட்டையான உலோகத் தலை மட்டை) அடித்தால் பந்து இடது பக்கமே போகிறது. ஆபீஸில் ஒருவர் டெய்லர்மேட் வாங்கு என்கிறார், இன்னொருவர் ஹோன்மாதான் என்கிறார். 4,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். எந்த பிராண்டு நல்லது? பழைய செட்டை விற்றுவிடலாமா?

பதில்: பிராண்டுக்கு அப்புறம் வருவோம். ‘பந்து இடது பக்கமே போகிறது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பந்தில் ஒரு தடித்த கோடு கிழியுங்கள். அந்தக் கோடு செங்குத்தாக நின்று மட்டையின் முகத்தைப் பார்க்கும்படி பந்தைப் பாயில் வைத்து, 7ஆம் நம்பர் அயர்னால் எப்போதும் போல அடியுங்கள். மட்டையின் முகத்தில் கோடு அச்சு விழுந்திருக்கும். அது நேராக நின்றால் மட்டை உங்களுக்குப் பொருத்தம். கோட்டின் மேல்முனை மட்டையின் நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை உங்களுக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கிறது: நுனி தரையை விட்டுத் தூக்கி நிற்கிறது, பந்து இடது பக்கம் ஓடுகிறது. உள்பக்கம் சாய்ந்தால் அப்படியே தலைகீழ், பந்து வலது பக்கம் போகும். ஒரே ஒரு அடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், பத்துப் பந்தாவது அடித்துப் பாருங்கள்.

மட்டையின் தண்டு தரையோடு நிற்கும் இந்தச் சாய்வுக்கு லை ஆங்கிள் என்று பெயர். உங்கள் விஷயத்தில் கோடு நுனிப் பக்கம்தான் சாயும் என்பது என் ஊகம். உயரமான மனிதருக்கென்று கொஞ்சம் நிமிர்த்தி வளைத்த செட்டாக இருக்கலாம். வளைக்காமல் விட்டிருந்தாலும் கடையில் வரும் ஸ்டாண்டர்டு அளவே 163 சென்டிமீட்டர் ஆளுக்குப் பெரும்பாலும் நிமிர்ந்துதான் இருக்கும். 9ஆம் நம்பரிலும், கிட்ட இருந்து உயர்த்தி அடிக்கும் வெட்ஜிலும் இடது பக்க ஓட்டம் இன்னும் அதிகமாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். மட்டையின் முகம் எவ்வளவு வானம் பார்க்கிறதோ அவ்வளவு லை கோளாறும் பெரிதாகும். தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டையான டிரைவரில் மட்டும் பந்து வலது பக்கம் வளைந்தால் மட்டையைக் குறை சொல்லாதீர்கள், அது ஸ்விங். கோச்சிடம் போக வேண்டிய கேஸ்.

செந்தூலில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் புது செட் வாங்குகிற நினைப்போடு வருவார்கள். பழைய அயர்னை இடுக்கியில் மாட்டி இரண்டு டிகிரி வளைத்துக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அந்த நினைப்பே போய்விடும். நமக்கு வியாபாரம் நஷ்டம்தான், என்ன செய்வது! அயர்ன் அடித்து உருவாக்கியதா, வார்த்ததா என்பதும் இங்கே முக்கியம். மிசுனோவின் பேரே அடித்து உருவாக்கிய அயர்னில்தான். மென்மையான கார்பன் ஸ்டீல் என்பதால் இரண்டு டிகிரி சிரமமில்லாமல் வளையும். வார்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முரட்டுத்தனம் காட்டும், ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வற்புறுத்தினால் கழுத்தில் விரிசல் விட்டுவிடும்.

ஆனாலும் அந்த செட்டையே வைத்து ஆடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பின்பக்கம் வழவழவென்று சதையாக இருந்தால் அது பிளேடு. நடுவில் பட்டால் வெண்ணெய், ஒரு விரல் தள்ளிப் பட்டால் கை அதிரும், பந்தும் பாதியில் விழும். நாலு மாத ஆட்டக்காரருக்கு நடுவில் படுவது பத்தில் மூன்றோ நாலோ. பின்பக்கம் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளிய கேவிட்டி பேக் அயர்ன்தான் உங்களுக்குத் தேவை. பிங் கம்பெனியை 1959இல் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் இந்த யோசனையைப் பிரபலமாக்கினார். இன்றைக்கு எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கிறது.

அடுத்தது ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு. அதில் எஸ், ஆர் என்று எழுதியிருப்பார்கள், ஸ்டிஃப், ரெகுலர். ஸ்டிஃப் வைத்திருந்தால்தான் கௌரவம் என்று நம்மாட்களுக்கு ஒரு நினைப்பு. அந்த எழுத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். ஆகவே எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அடித்துப் பாருங்கள். டிரைவர் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைலுக்குள் இருந்தால் பொதுவாக ரெகுலர் போதும். அயர்னில் ஸ்டீல் ஷாஃப்ட் நூறு கிராமுக்கு முன்பின் இருக்கும், கிராஃபைட் ஐம்பதிலிருந்து எண்பதுக்குள். முழங்கை வலி உள்ளவர், நாற்பதைத் தாண்டிப் பழகுகிறவர் கிராஃபைட் பக்கம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் நம்பர் மோசடி. மோசடி என்பது கொஞ்சம் கடுமையான வார்த்தைதான், ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது. இது லை அல்ல, முகம் வானம் பார்க்கும் சாய்வு; அது குறைந்தால் பந்து தூரம் போகும். பெரியப்பாவின் 7ஆம் நம்பர் அயர்னில் அது 34, 35 டிகிரி இருக்கும். இப்போது புதியவர்களுக்கென்று வரும் பல செட்டுகளில் அதே 7ஆம் நம்பர் 28, 29 டிகிரி. அதாவது பழைய 5ஆம் நம்பர் அயர்னில் 7 என்று எழுதி விற்கிறார்கள். ஆபீஸ் நண்பர் ‘இந்த பிராண்டில் எனக்கு இருபது மீட்டர் கூடுதலாகப் போகிறது’ என்று சொன்னால், அதில் பாதி அந்த நம்பரின் மாயம். இதனால் வேறொரு இடத்தில் பள்ளம் விழுகிறது. அந்த செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, நீங்கள் தனியாக வாங்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவே 13 டிகிரிக்கு ஒன்றுமே இல்லை. எண்பது தொண்ணூறு மீட்டரிலிருந்து குழி இருக்கும் கிரீனுக்கு அடிக்க வேண்டிய நேரத்தில் கையில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். செட்டோடு 48, 49 டிகிரியில் கேப் வெட்ஜ் வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

சரி, பிராண்டு. எந்தப் பெரிய கம்பெனியும் இன்று குப்பை செய்வதில்லை. தலைகள் பெரும்பாலும் சீனா, தைவான், வியட்நாம் ஆலைகளில்தான் உருவாகின்றன. டிரைவர் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, முகம் இவ்வளவுக்கு மேல் துள்ளக்கூடாது என்று விதி எல்லோருக்கும் பொது. ஆகவே இரண்டு பிராண்டுகளுக்கு இடையில் இருக்கும் வித்தியாசத்தை விட, ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் பெரிது. டைட்டலிஸ்ட் என்றால் கெட்டிக்காரர்களுக்கு மட்டும் என்பார்கள். நடுவில் படாவிட்டாலும் மன்னிக்கும் அயர்ன் அவர்களும் செய்கிறார்கள்.

ஆனால் பழையது வாங்கப் போகும்போது பிராண்டு கணக்கில் வரும். டெய்லர்மேடும் காலவேயும் வருஷம் தவறாமல் புது டிரைவர் இறக்குவார்கள். புதுசு வந்ததும் போன வருஷத்தது விலை சரியும். அது நமக்கு லாபம், மூன்று நாலு வருஷத்துக்கு முந்தைய டிரைவரை எடுங்கள். பிங் அயர்னில் தலைக்கருகே ஒரு வண்ணப் புள்ளி இருக்கும்: கறுப்பு ஸ்டாண்டர்டு, சிவப்பு சற்றுத் தட்டை, நீலமும் பச்சையும் நிமிர்ந்தவை. பழைய பிங் பார்த்தால் உங்கள் கண் முதலில் அந்தப் புள்ளிக்குப் போகட்டும். நீலப் புள்ளி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம். ஹோன்மா ஜப்பானின் சக்காத்தாவில் செய்யப்படும் அழகான மட்டை, மறுக்கவில்லை. அந்தப் பெயருக்காகவே ஒரு விலை கொடுக்க வேண்டும், அதற்கு 4,000 வெள்ளி பற்றாது. எடை குறைந்த ஜப்பான் மட்டைதான் வேண்டும் என்றால் ஸெக்ஸியோ பாருங்கள். எக்ஸ் எக்ஸ் ஐ ஓ என்று எழுதியிருக்கும், 2000இல் வந்த பிராண்டு, நிதானமான ஸ்விங்குக்கென்றே செய்தது. அதைத் தாத்தா மட்டை என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு, கண்டுகொள்ள வேண்டாம். இந்த ஊரில் ஜப்பானிலிருந்து வரும் பழைய மட்டைகளுக்குக் குறைவே இல்லை.

பணத்தை இப்படிப் பிரிப்பேன். பழைய கேவிட்டி பேக் அயர்ன், 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை, 1,400 வெள்ளிக்குள். நீள அயர்னுக்குப் பதிலாக ஒரு ஹைபிரிட் 300. டிரைவர் 700. கிளீவ்லேண்ட் மாதிரி ஒரு சாண்ட் வெட்ஜ் 250. லை சரிசெய்யவும் கிரிப் (கைப்பிடி உறை) மாற்றவும் 400 எடுத்து வையுங்கள். கேப் வெட்ஜ் தனியாக வாங்க வேண்டி வந்தாலும் கையில் எழுநூறு வெள்ளியாவது மிஞ்சும். அதை அப்படியே கோச்சிடம் கொடுங்கள். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, பத்துக்குள் இருந்தால் எதை எடுப்பது என்ற குழப்பமும் குறையும்.

இணையத்தில் வாங்கினால் போலி ஜாக்கிரதை. சென்ற ஆண்டு ஒருவர் ‘புத்தம் புது டிரைவர், அறுநூறு வெள்ளி’ என்று பெருமையாகக் கொண்டு வந்தார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அதன் முகத்தில் வைத்தேன். பசக்கென்று ஒட்டிக்கொண்டது. அவர் காட்டிய மாடலில் முகம் டைட்டேனியம், டைட்டேனியத்தில் காந்தம் ஒட்டாது. மனிதர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒட்டாவிட்டால் அசல்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. வரிசை எண் இருக்கிறதா, எழுத்தில் பெயிண்ட் வழிந்திருக்கிறதா, ஷாஃப்டும் தலையும் சேரும் இடத்தில் இருக்கும் கறுப்பு வளையம் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு விஷயம். காரின் பின்பெட்டியில் கிடக்கும் கிரிப் சீக்கிரமே காய்ந்து வழுக்கும், பழைய செட் வாங்கினால் கிரிப் மாற்றியே ஆக வேண்டும். உள்ளங்கை வியர்க்கும் என்றால் நூல் கலந்த கார்டு கிரிப் கேளுங்கள். சாண்ட் வெட்ஜில் அடிப்பாகத்தின் புடைப்பை பவுன்ஸ் என்பார்கள். சாயங்கால மழையில் ஊறிய மண்ணிலும், இங்கே பல மைதானங்களில் இருக்கும் அகல இலை கவ் கிராஸிலும் பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் மண்வெட்டி மாதிரி இறங்கிவிடும். 12 டிகிரிக்கு முன்பின் உள்ளதாக எடுங்கள்.

பெரியப்பாவின் அயர்னை விற்றாலும் பெரிய பணம் வராது. லை சரிசெய்து வைத்துக்கொண்டால் ரேஞ்சில் பழக உதவும், நடுவில் படாவிட்டால் உடனே சொல்லிக் கொடுத்துவிடும். அந்த செட்டில் பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) இருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக விற்காதீர்கள். மேலே பட்ஜெட்டில் பட்டருக்கென்று நான் எதுவும் ஒதுக்கவில்லை, கவனித்தீர்களா? பட்டருக்கு வயதாவதில்லை. அவர் உயரத்துக்கு 35 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும், உங்களுக்கு 33 போதும். குறைத்து வெட்டினால் தலை லேசானது போலத் தோன்றும், பின்பக்கம் இரண்டு துண்டு ஈய டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.