தேய்ந்த சக்கரத்துக்கு வைரத்தூள் பூசும் பையன்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ தேர்வு நெருங்குகிறது, மகனோ மாலையானால் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து தாத்தாவின் பழைய சாணைச் சக்கரங்களுக்கு வைரத்தூள் பூசிக்கொண்டிருக்கிறான். "திரும்பவும் கல் தொழிலுக்கே போய்விடுவானோ" என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள், சீனாவில் இயந்திரம் வெட்டிய கல் மலிவாக வந்து இறங்கியதும் என்ன பாடுபட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போன ஞாயிறு உங்கள் மகன் என்னைப் பார்க்க வந்தபோது பையில் ஒரு கல்கூட இல்லை. சக்கரத்தைத்தான் எடுத்து வந்திருந்தான்.

ஆறு அங்குலச் சக்கரம். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று பளபளத்தது. லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். துகள் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. மலிவான சக்கரங்களில் வைரம் ஒரே அடுக்குதான், நிக்கல் முலாம் அதைக் கவ்விப் பிடித்திருக்கும், துகள் உதிர்ந்தால் சக்கரம் அவ்வளவுதான் என்று அவனே விளக்கினான். முதல் தடவை எபாக்சி என்ற கெட்டிப் பசையில் தூளைக் கலந்து தடவியிருக்கிறான். காய்ந்த பிறகு கல்லை வைத்தால் வழுக்குகிறது, அறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, துகள் பசைக்குள் மூழ்கிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான சாணைப் பொருளில் செய்த குச்சியால் மேல்தோலை லேசாகத் தேய்த்து எடுத்திருக்கிறான். அப்புறம் அறுத்தது. அடுத்த சக்கரத்தில் 600 மெஷ் தூளோடு (மெஷ் எண் கூடக் கூடத் தூள் நைஸாக இருக்கும்) எங்கிருந்தோ ஒரு 220 மெஷ் துகள் கலந்துவிட, கல் முழுக்கக் கீறல். அதிலிருந்து ஒவ்வொரு அளவுக்கும் தனித் தூரிகை, தனிக் கிண்ணம். எல்லாம் நோட்டில் தேதி போட்டு இருக்கிறது. நான் பார்த்த பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பாதி இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

வைரம் கடினமானது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வைரத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் உங்கள் மகனின் கேள்வி. டைல்ஸ் அறுக்கும் பிளேடிலும், பல் மருத்துவர் கையில் சுழலும் சின்ன முனையிலும் இதே கேள்விதான் இருக்கிறது. இதற்குப் படிப்பு உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் வேதி-மின்வேதிப் பொறியியல் என்று பி.டெக். நடக்கிறது, முலாம் பூசுவது அங்கே தனிப் பாடம் என்றே சொல்லலாம். தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் அதைக் கேட்கலாம். உங்கள் ஊரிலேயே என்.ஐ.டி.யில் உலோகவியல்-பொருளறிவியல் துறை இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கோவை பி.எஸ்.ஜி.யிலும் உலோகவியல் உண்டு. மதிப்பெண் கை கொடுக்கவில்லை என்றால் டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரோபிளேட்டர், அதாவது முலாம் பூசுபவர், என்றே ஒரு டிரேடு இருக்கிறது. வேலை எங்கே என்று கேட்பீர்கள். சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் மாதிரி சாணைக்கல் செய்யும் கம்பெனிகள், வெட்டுக்கருவி செய்பவர்கள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் என்று இந்த அறிவு தேவைப்படும் இடங்கள் நிறைய.

இனி, நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. எபாக்சியோடு நிறுத்தாமல், நிக்கல் சல்பேட் வாங்கி வீட்டிலேயே முலாம் பூசிப் பார்க்க ஆசை என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீங்களும் சொல்லுங்கள். நிக்கல் உப்பு தோலில் ஒவ்வாமை தரும், நுண்துளிச் சாரலாகவோ தூசியாகவோ தொடர்ந்து மூச்சில் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். மிச்ச நீரைக் கொல்லையில் ஊற்றினால் நீங்கள் குடிக்கும் கிணற்றுக்குத்தான் போகும். அதைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், புகைபோக்கிக்கு அடியில் செய்யட்டும். எபாக்சிக்கும் கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் விடாமல் ஒருபோதும் கல்லை அரைக்கக் கூடாது. படிகக் கல் தூசி நுரையீரலைக் கெடுத்த கதை பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். தண்ணீரும் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மின்கசிவு பிரேக்கர் ஒன்று போட்டுவிடுங்கள். இந்த வாரமே.

கொட்டகையைப் பூட்ட வேண்டாம். பூட்டினால் அந்த இரண்டு மணி நேரம் படிப்புக்கு வராது, போனுக்குப் போகும். தேர்வு முடியும்வரை ஞாயிறு மட்டும் என்று அவனோடு பேசி முடிவெடுத்தேன், சரி என்றான். வேதியியலில் மின்வேதியியல் பாடத்தை முதலில் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அது அவனுக்குக் கொட்டகையில் ஏற்கெனவே பாதி புரிந்துவிட்டது.

அரையாண்டு மார்க் வந்ததும் இருவரும் வாருங்கள். கவுன்சிலிங்கில் எந்த வரிசையில் கல்லூரிகளைப் போடுவது என்று அப்போது உட்கார்ந்து எழுதுவோம். வரும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.