கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட்ரேஞ்ச் நேற்றைய கணக்கையே காட்டுகிறது, எப்படிச் சரிசெய்வது?

மூன்று கிளைகளின் விற்பனையை இம்போர்ட்ரேஞ்ச் போட்டு ஒரே ஷீட்டுக்கு இழுக்கிறீர்கள், நேற்று வரை ஒழுங்காக வந்தது, இன்று போட்ட பில்கள் வரவில்லை, கால்குலேஷன் செட்டிங்கை ‘நிமிடத்துக்கு ஒருமுறை’ என்று மாற்றியும் அசையவில்லை என்கிறீர்கள். முதலில் அந்த செட்டிங்கை மறந்துவிடுங்கள். அது நேரம், தேதி, குலுக்கல் எண் தரும் நவ், டுடே, ரேண்ட், ரேண்ட்பிட்வீன் ஆகிய ஃபார்முலாக்களுக்கு மட்டும்தான், இம்போர்ட் என்று தொடங்கும் எந்த ஃபார்முலாவையும் தொடாது. கேட்டால் எல்லோரும் அந்த செட்டிங்கை மாற்றத்தான் சொல்வார்கள், நானும் நம்பி ஒரு வாரம் வீணாக்கியவன்தான்.

அந்த ஒரு வாரக் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கும் அதுவாகவே இருக்கலாம். ஒரு பின்னலாடை யூனிட்டில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர்கள் போனிலிருந்து பீஸ் எண்ணிக்கையைப் போடுவார்கள், முதலாளியின் ஷீட்டில் அது வர வேண்டும். ஒருநாள் நின்றுபோனது. பிரவுசரை மாற்றினேன், கேச்சைத் துடைத்தேன், நெட் மோசம் என்று வைஃபைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். கடைசியில் பார்த்தால் ஃபார்முலாவில் ஏ1:எஃப்500 என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், அவர்கள் 500ஆவது வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்! கடைசி எண்ணை எடுத்துவிட்டு ஏ1:எஃப் என்று போட்டதும் எல்லாம் வந்து விழுந்தது.

அதனால் முதல் சோதனை இதுதான்: மூல ஷீட்டில் மேலே உள்ள ஒரு பழைய வரியில் ஏதாவது ஒரு எழுத்தை மாற்றிப் பாருங்கள். அது வந்து, புது வரி மட்டும் வரவில்லை என்றால் கோளாறு ரீஃப்ரெஷில் இல்லை, நீங்கள் கொடுத்த எல்லையிலோ அதைச் சுற்றி எழுதியிருக்கும் க்வெரியிலோதான் (தரவை வடிகட்டி எடுக்கும் ஃபார்முலா). க்வெரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு நெடுவரிசையில் எண்கள் அதிகமாக இருந்தால் எழுத்து கலந்தவற்றை வெற்றாக்கிவிடும். 1041, 1042 என்று போகும் பில் நம்பருக்கு நடுவில் யாராவது 1043ஏ என்று அடித்தால் அந்தச் செல் காலியாக வரும், எந்த எச்சரிக்கையும் வராது.

பழைய வரியில் செய்த மாற்றமும் வரவில்லையா? அப்போதுதான் இது உண்மையான ரீஃப்ரெஷ் பிரச்சினை. ஷீட் திறந்திருக்கும்போது இம்போர்ட்ரேஞ்ச் மணிக்கு ஒருமுறை தானாகச் சரிபார்க்கும். பக்கத்தை ரீலோட் செய்தால் அது மறுபடி இழுத்துவிடாது, ஃபார்முலாவை அழித்துவிட்டு அதையே திரும்ப ஒட்டினால்தான் இழுக்கும். மூல ஷீட்டில் கனமான ஃபார்முலாக்கள் ஓடிக்கொண்டிருந்தால் அவை முடியும் வரை காத்திருக்கும், ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாகக் கட்டியிருந்தால் தாமதமும் கூடிக்கொண்டே போகும், எனவே கிளை ஷீட்டிலிருந்து நேராகவே எடுங்கள். செல்லில் #ரெஃப் என்ற பிழை வந்தால் அனுமதியைப் பாருங்கள். முதலில் இணைத்தபோது ‘அலவ் அக்சஸ்’ அழுத்தி அனுமதி கொடுத்த ஆள் வேலையை விட்டுப் போய், அவரை மூல ஷீட்டிலிருந்து நீக்கியிருந்தால் இணைப்பும் கூடவே போயிருக்கும்.

நவ் ஃபார்முலாவை உள்ளே ஒட்டி, அடிக்கடி இழுக்கும்படி ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். முயற்சி செய்யாதீர்கள், இம்போர்ட் ஃபார்முலாக்கள் அதை ஏற்காமல் பிழை காட்டும்.

இன்னொன்று, ‘இன்றைய விற்பனை’ என்று டுடே வைத்து வடிகட்டுகிறீர்களா? அப்படியானால் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸுக்குள் போய் டைம் ஸோனைப் பாருங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருந்தால் உங்கள் ஷீட்டுக்கு நள்ளிரவு என்பது நமக்குக் கோடையில் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. காலை முழுக்க நேற்றைய கணக்கைக் காட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தானாகச் சரியாகிறது என்றால் வேறெங்கும் தேடவே வேண்டாம்.