பியர்ஸைத் தோற்கடித்த வாக்குச்சீட்டு

கேள்வி: அரிசோனாவில் குடியேறிகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்த மாநில செனட் தலைவர் ரஸ்ஸல் பியர்ஸை, அங்குள்ள லத்தீன் மக்கள் பொங்கி எழுந்து ஒரே ராத்திரியில் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்களாமே! அமெரிக்கப் பழமைவாதத்துக்கு விழுந்த மரண அடிதானே அது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒரே ராத்திரியா? கையெழுத்து வாங்க மட்டும் 120 நாள் ஆயிற்று. 2011 ஜனவரி 31-ல் மனு எண் வாங்கினார்கள். மே 31-ல் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாக்குப்பதிவு நடந்தது நவம்பர் 8-ல். ஒன்பது மாதத்துக்கு மேல் நடந்த வேலையை ‘பொங்கி எழுந்தார்கள்’ என்று இரண்டு சொல்லில் முடிப்பதை இந்தப் பக்கத்தில் பலமுறை எதிர்த்திருக்கிறோம். பொங்கியவர்கள் ஊர்வலம் போவார்கள். பதவியிலிருப்பவரை இறக்குகிறவர்கள், ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கைச் சொல்கிறோம். அரிசோனா அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, ஒருவரைத் திரும்ப அழைக்க, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே வாக்கெடுப்பால் இறக்க, அவருடைய பதவிக்குக் கடைசியாக நடந்த பொதுத்தேர்தலில் பதிவான மொத்த வாக்குகளில் 25 சதவீதம் கையெழுத்து வேண்டும். பியர்ஸின் 18-வது தொகுதியில் 2010 நவம்பரில் பதிவானவை சுமார் 31,000. கால் பங்கு 7,756. இயக்கத்தார் கொடுத்தது 18,000-க்கும் மேல். அதிகாரிகள் சலித்து முடித்தபோது செல்லுபடியானவையாக நின்றவை 10,365.

ஏன் இவ்வளவு போயிற்று? கையெழுத்துப் போடுகிறவர் அந்தத் தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும். மேசா நகரில் வீடு இருந்தால் போதாது. மேசா பெரிய ஊர், பல தொகுதிகளாக உடைந்து கிடக்கிறது. 18-வது தொகுதி அதன் மேற்குப் பகுதி மட்டும். நூலக வாசலில் நின்று வாங்கினால் பக்கத்துத் தொகுதிக்காரர் ஆர்வமாகப் போட்டுவிட்டுப் போவார், அது செல்லாது. வீடு மாறியவர் புது முகவரி எழுதுவார், வாக்காளர் பட்டியலில் பழையது இருக்கும். தேதியை விட்டுவிடுவார்கள். ஒரே ஆள் மறந்துபோய் இரண்டாம் தடவையும் போடுவார். தாளின் பின்புறம், கையெழுத்து வாங்கியவர் நோட்டரி முன்னால் உறுதிமொழி தர வேண்டும்; அதில் பிழை இருந்தால் அந்தத் தாள் முழுவதும் போய்விடும். முதலில் மாநிலச் செயலரின் அலுவலகம் தாள்களைப் பார்க்கும். பிறகு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பதிவாளர் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுவார். தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியதால்தான் பியர்ஸின் எதிராளிகள் தப்பினார்கள். பத்தாயிரம் போதும் என்று நிறுத்தியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அதன் பிறகும் உறுதிமொழியின் வாசகம் சரியில்லை என்று பியர்ஸ் தரப்பு நீதிமன்றம் போனது. அரிசோனா உச்ச நீதிமன்றம் செப்டம்பரில்தான் தேர்தலுக்கு வழிவிட்டது.

இனி ஆளைப் பார்ப்போம். 1947-ல் மேசாவில் பிறந்தவர். மாரிகோப்பா கவுண்டி ஷெரிஃப் துறையில் அடிமட்டத்திலிருந்து ஏறி, அதன் தலைவரான ஷெரிஃப் ஜோ அர்பாயோவின் கீழ் தலைமைத் துணை அதிகாரி ஆனார். பாலைவன வெயிலில் கைதிகளைக் கூடாரத்தில் வைத்த அந்தச் சிறையின் யோசனை தன்னுடையதுதான் என்று உரிமை கொண்டாடியவர். பணியில் இருந்தபோது சுடப்பட்டு விரலை இழந்தார். ஷெரிஃப் அதிகாரியான அவர் மகனும் 2004-ல் சுடப்பட்டுப் பிழைத்தார். குடியேற்றத்தைப் பற்றி அவர் பேசியதில் இந்தச் சொந்த வலி இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரை வெறும் வில்லனாக எழுதுவது நேர்மையல்ல. அந்த வலியிலிருந்து அவர் வந்தடைந்த சட்டம் தவறானது என்பதும் எங்கள் உறுதியான கருத்து.

மாநில வாகனத் துறையின் இயக்குநராக இருந்து, 1999-ல் அந்தப் பதவியை இழந்து, 2001-ல் மாநிலக் கீழவைக்கு வந்தார். அரிசோனாவில் சட்டமன்ற உறுப்பினர் பதவிக்காலம் இரண்டு ஆண்டு. ஓர் அவையில் தொடர்ந்து நான்கு தடவைக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே எட்டு ஆண்டு முடிந்ததும் 2009-ல் செனட்டுக்கு மாறினார். சம்பளம் ஆண்டுக்கு 24,000 டாலர்தான். வேறு வருமானம் உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒரே கொள்கையில் வெறி கொண்டவர்கள் ஆகிய மூன்று வகையினரைத்தான் இப்படிப்பட்ட சபை ஈர்க்கும். மாநில சட்டமன்றங்களின் தரத்தைப் பற்றி அழுகிறவர்கள் முதலில் இந்தச் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் கோபக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும்.

பியர்ஸ் அந்த ஒரே கொள்கையை விடாமல் பிடித்தார். 2004-ல் வாக்காளர் பதிவுக்குக் குடியுரிமைச் சான்று கேட்கும் முன்மொழிவு 200-க்குத் துணை நின்றார். அது மக்களிடம் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவு! கையெழுத்துத் தாளின் பலத்தை அவர் நன்றாக அறிந்தவர். 2007-ல், உரிய ஆவணம் இல்லாதவரை அறிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளியின் உரிமத்தை முதல் தடவை நிறுத்திவைக்கவும் இரண்டாம் தடவை ரத்து செய்யவும் வழி செய்த சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நபோலிடானோ. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்று அதை ஏற்றது. 2010 ஏப்ரல் 23-ல் ஆளுநர் ஜேன் ப்ரூவர் கையெழுத்திட்டதுதான் நீங்கள் சொல்லும் சட்டம்; காவலர்கள் குடியேற்ற நிலையை விசாரிக்கச் சொன்ன எஸ்.பி. 1070, அதாவது செனட் மசோதா 1070. அடுத்த ஜனவரியில் பியர்ஸ் செனட் தலைவர். மாநிலத்தில் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று பேசப்பட்ட காலம் அது.

சரிவு தொடங்கியது அவருடைய சொந்த வீட்டில். 2011 மார்ச்சில் அரிசோனாவின் 60 பெருநிறுவனத் தலைவர்கள் இனியும் குடியேற்றச் சட்டம் வேண்டாம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். எஸ்.பி. 1070-ஐ எதிர்த்து எழுந்த புறக்கணிப்பால் மாநாடுகளும் விருந்தினர்களும் கைநழுவிய எரிச்சல் அவர்களுக்கு. அதே மாதம் 17-ஆம் தேதி, அவர் தலைமை தாங்கிய செனட்டே ஐந்து குடியேற்ற மசோதாக்களைத் தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அவருடைய குடியரசுக் கட்சியினரும் இருந்தார்கள். மாதக் கடைசியில், ஃபியஸ்டா பௌல் என்ற கல்லூரிக் கால்பந்து அமைப்பு அரசியல்வாதிகளுக்குக் கொடுத்த டிக்கெட், பயண விவரங்கள் வெளிவந்தன. பியர்ஸின் பெயரும் இருந்தது. ஜூனில், அவர் சார்ந்த மார்மன் திருச்சபையே, கைதும் வெளியேற்றமும் மட்டுமே கொண்ட மாநிலச் சட்டங்கள் போதாது என்று அறிக்கை விட்டது. மேசா மார்மன்கள் நிறுவிய ஊர். அந்த அறிக்கையின் கனம் அங்கே எத்தனை என்பதை வெளியூர்க்காரர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள்.

இயக்கத்தை நடத்தியவர்களைப் பாருங்கள். ராண்டி பர்ராஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். அவரோடு நின்ற சாட் ஸ்னோ குடியரசுக் கட்சி வழக்கறிஞர். லத்தீன் வாக்காளர்கள் உழைத்தார்கள், வாசல் வாசலாகப் போனார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தொகுதியில் அவர்கள் சிறுபான்மை. அவர்கள் வாக்கு மட்டும் சேர்ந்து பியர்ஸைத் தோற்கடித்திருக்க முடியாது.

தோற்கடித்தது வாக்குச்சீட்டின் அமைப்பு. நீங்கள் கேட்காமலே இதை விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் யாருமே இதைச் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவில் திரும்ப அழைக்கும் தேர்தலில் இரண்டு கேள்வி: இவரை நீக்கலாமா, நீக்கினால் யார் வரலாம்? அரிசோனாவில் முதல் கேள்வியே கிடையாது. மனு உறுதியானதும் பதவியில் இருப்பவருக்கு ஐந்து நாள் அவகாசம். அதற்குள் விலகாவிட்டால் சிறப்புத் தேர்தல். அவர் பெயர் தானாகவே சீட்டில் ஏறும். எதிர்த்து நிற்பவர் பெயரும் அதே சீட்டில். கூடவே, நீக்கச் சொல்லும் காரணம் 200 சொல்லுக்குள், அவருடைய விளக்கம் 200 சொல்லுக்குள். அதிக வாக்கு பெற்றவர் வெல்வார்.

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சி முதல்நிலைத் தேர்தல் இங்கே கிடையாது. வழக்கமான ஆண்டில், குடியரசுக் கட்சி வலுவான அந்தத் தொகுதியில் பியர்ஸ் முதல்நிலைத் தேர்தலை வென்றாலே பாதி வேலை முடிந்தது. அதில் வாக்களிக்க வருகிறவர்கள் கட்சியின் தீவிரமான பகுதியினர். நவம்பரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நிற்பார், தோற்பார். 2011-ல் எதிர்த்து நின்றவர் ஜெர்ரி லூயிஸ். குடியரசுக் கட்சி, மார்மன், பழமைவாதி, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் பட்டயப் பள்ளியின் நிர்வாகி. ஜனநாயகக் கட்சி ஆளை நிறுத்தவில்லை. அதன் வாக்காளரும் சுயேச்சை வாக்காளரும் பியர்ஸைப் பிடிக்காத குடியரசுக் கட்சிக்காரரும் ஒரே சீட்டில் ஒரே பெயருக்கு வாக்களிக்க முடிந்தது. பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் லூயிஸுக்கு. அமெரிக்காவில் பதவியில் இருந்த ஒரு மாநில செனட் தலைவர் இப்படி இறக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

பியர்ஸின் ஆதரவாளர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அதனால்தான் மூன்றாவதாக ஒரு பெண்மணியின் பெயர் சீட்டில் ஏறியது. பியர்ஸ் எதிர்ப்பு வாக்கைப் பிரிப்பதற்கான டம்மி வேட்பாளர் என்று வழக்குப் போட்டார்கள். அவரைத் திரட்டியவர்கள் பியர்ஸ் ஆதரவாளர்களே என்று நீதிபதி கண்டார், ஆனால் பெயரை நீக்க மறுத்தார். அக்டோபரில் அவரே விலகிக்கொண்டார். சீட்டு அச்சாகிவிட்டதால் பெயர் மட்டும் அதில் நின்றது. தோற்கப்போகிறவர் வெற்றிக்கு வழி தேடுவது சகஜம். ஒரு சாதாரண வாக்காளரைப் பகடையாக்கியது கேவலம்.

மரண அடியா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு பழமைவாதியின் இடத்தில் இன்னொரு பழமைவாதி உட்கார்ந்தார். 2012-ல் பியர்ஸ் மறுபடி நின்றார், இந்தத் தடவை முதல்நிலைத் தேர்தலில். அங்கேயும் தோற்றார், விமானங்களில் இருக்கைப் பைக்குள் வைக்கும் ஸ்கைமால் விற்பனைப் பட்டியலை நிறுவிய பாப் வோர்ஸ்லியிடம். வாக்குச்சீட்டின் அமைப்புதான் தோற்கடித்தது என்று சொன்னீர்களே, கட்சிக்காரர்களே தோற்கடித்தார்களே என்று கேட்பீர்கள். முதல் தோல்விக்கு முன்னால், கட்சிக்குள் அவரை எதிர்க்கப் பணமும் துணிவும் உள்ளவர்கள் முன்வரவில்லை. வெல்ல முடியாதவர் என்ற பெயர் 2011-ல் போனது, பிறகு வரிசையில் வந்தார்கள். எங்கள் கணிப்பு இதுதான். 2014-ல், அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை என்று வானொலியில் பேசி, மாநிலக் கட்சியின் துணைத் தலைவர் பதவியையும் விட்டார். 2023 ஜனவரியில் இறந்தார்.

திரும்ப அழைக்கும் இந்த விதி அரிசோனாவுக்கு எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1911-ல் அதை மாநிலமாக்கும் தீர்மானத்தைக் குடியரசுத் தலைவர் டாஃப்ட் ரத்து செய்தார். வரைவு அரசியல் சட்டத்தில் நீதிபதிகளையும் திரும்ப அழைக்கலாம் என்றிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. டாஃப்ட் நீதிபதியாக இருந்தவர், பின்னாளில் தலைமை நீதிபதியும் ஆனவர். அரிசோனாக்காரர்கள் அதை எடுத்துவிட்டு 1912 பிப்ரவரி 14-ல் மாநிலம் ஆனார்கள். அதே ஆண்டு நவம்பரில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவர்களை எங்களுக்குப் பிடிக்கும்.

எஸ்.பி. 1070 என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 2012 ஜூன் 25-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதன் மூன்று பிரிவுகளை நீக்கியது: ஆவணம் வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்கியது, ஆவணமின்றி வேலை தேடுவதைக் குற்றமாக்கியது, நாடு கடத்தத் தக்கவர் என்று கருதினால் பிடியாணையின்றிக் கைது செய்ய விட்டது. பிரிவு 2(பி) தப்பியது. வேறு காரணத்துக்காக நிறுத்திய ஒருவர் மேல் நியாயமான சந்தேகம் எழுந்தால், காவலர் அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்பது அது. ஆளை இறக்கியதால் அந்தப் பிரிவு போய்விடவில்லை. அதை எடுக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி: சட்டமன்றத்தில் பெரும்பான்மை, இல்லையென்றால் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 சதவீதம் கையெழுத்தோடு மக்கள் முன்மொழிவு. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு வாங்கட்டும்.