பனிக்காலத்தில் வாழை, கறிவேப்பிலை, மல்லிகை: வாசகர் கேள்வி-பதில்

அக்டோபர் பிறந்தாலே வந்து குவியும் கேள்விகளில் பாதி, “இந்தச் செடி எத்தனை டிகிரி வரை தாங்கும்?” என்றுதான் தொடங்குகின்றன. அந்த எண் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் பிரிட்டனிலும் கனடாவிலும் செத்துப்போகும் வெப்பநாட்டுச் செடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்தால், குளிரைவிட ஈரம் செய்த வேலையே அதிகம் தெரியும். இந்த முறை வந்த கேள்விகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

அக்டோபரில் கறிவேப்பிலையை உள்ளே எடுத்து, ஹாலில் ரேடியேட்டருக்குப் பக்கத்து ஜன்னலோரம் வைத்தேன். வாரம் இரண்டு முறை தண்ணீர். ஜனவரியில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா? (ஹாரோ, லண்டன்)

முதலில் நகத்தால் தண்டின் தோலை மெல்லக் கீறிப் பாருங்கள். நுனியிலிருந்து தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் கீழே இறங்கி வாருங்கள். தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த குச்சிபோல் இருந்தால் அந்த அளவுக்குப் போய்விட்டது. அடித்தண்டு பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம், ஏப்ரலில் துளிர்க்கும். குளிரில் இலையை உதிர்ப்பது கறிவேப்பிலைக்கு இயல்பு.

ஆபத்து அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. இலை கொட்டியதும் “தண்ணீர் போதவில்லை” என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே வேரும் சோம்பிவிடும். ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்க, காற்றில்லாமல் வேர் அழுகும். மண்ணை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, புதிய மண்ணில் முன்னதைவிடச் சிறிய தொட்டியில் வையுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடமும் தவறானது. பகலில் ரேடியேட்டரின் வறண்ட சூடு. இரவில் திரையை இழுத்து மூடியதும், செடி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே குளிரில் நிற்கிறது. இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்:

ஒன்று, ஓய்வு. 8 முதல் 12 டிகிரி உள்ள, வெளிச்சம் வரும் கன்சர்வேட்டரியோ (வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறை) சூடேற்றாத அறையோ போதும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு குவளை தண்ணீர். பல வீடுகளில் இது மூன்று வாரத்துக்கு ஒருமுறைகூட வராது. உரம் வேண்டாம். இலை கொட்டினால் கொட்டட்டும்.

மற்றது, வளர்ச்சி. 18 டிகிரிக்கு மேல் சூடு, செடியின் உச்சிக்கு ஓர் அடி மேலே எல்இடி வளர்ப்பு விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம். விளக்கை டைமரில் போட்டுவிடுங்கள். அப்போது மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் விடலாம், சமையலுக்குக் கொஞ்சம் இலையும் பறிக்கலாம்.

சூடு இருந்து வெளிச்சம் இல்லாத நடுநிலைதான் செடியைக் கெடுக்கிறது. நீண்டு வெளுத்த குச்சிகளாக வளர்ந்து பூச்சிக்கு இரையாகும்.

மார்ச் கடைசியில் மொட்டுத் துளிர் தெரிந்ததும் நுனியை வெட்டிவிட்டால் கிளை பிரியும். தொட்டி மாற்றினால் பழையதைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டுமே அகலமானது போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். ஜான் இன்னஸ் மண்கலவை மூன்று பங்கு, பெர்லைட் அல்லது சிறு கல் ஒரு பங்கு. கோடையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது வேறு சங்கதி. லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதனால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது கறிவேப்பிலைக் கன்று ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? (ஸ்கார்பரோ, டொரான்டோ)

வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சைத் தோட்டங்களையே அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சாறுண்ணிப் பூச்சி இதிலும் குடியிருக்கும். முட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. தாவர நலச் சான்றிதழ் இல்லாத கன்றை விமான நிலையத்தில் பறித்து அழித்துவிடுவார்கள். உங்கள் ஊரிலேயே யாருடைய செடியாவது பழுத்தால் கறுத்த பழத்தை வாங்கி, சதையைக் கழுவி, அன்றோ மறுநாளோ விதையுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்திய விதை முளைக்காது. 20 முதல் 25 டிகிரி சூடு வேண்டும்.

வாழையை வெளியே நிலத்திலேயே விட்டு வைக்கலாம் என்கிறார்கள். உண்மையா? எப்படிப் போர்த்துவது? (க்ராய்டன், லண்டன்)

எந்த வாழை என்பதில்தான் பதில் இருக்கிறது. கதலி, இதரை, கப்பல் என்று நாம் சாப்பிட்டு வளர்ந்த எதுவும் லண்டன் நிலத்தில் பனிக்காலம் தாண்டாது. நிலத்தில் நிற்கக்கூடியது மூசா பாஸ்ஜூ என்ற சீன வாழை. நல்ல மூடாக்கு இருந்தால் இதன் கிழங்கு மைனஸ் 10 டிகிரி அளவிலும் பிழைக்கும். காய் விதை நிறைந்தது, சாப்பிட உதவாது. அகன்ற பச்சை இலைக்காகவே வளர்ப்பது.

போர்த்தாவிட்டாலும் கிழங்கிலிருந்து மே மாதம் கன்று வரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். தண்டைக் காப்பாற்றினால் அடுத்த கோடையில் மூன்று மீட்டர் மரம் கிடைக்கும்.

அவசரப்பட வேண்டாம். முதல் உறைபனியில் இலை கறுக்கும்வரை காத்திருங்கள். லண்டனில் பெரும்பாலும் நவம்பர். பிறகு இலைகளைக் காம்போடு வெட்டி, தண்டை நெஞ்சளவு உயரத்தில் விடுங்கள். தண்டைச் சுற்றி ஓர் அடி தள்ளி நான்கு மூங்கில் கழிகளை ஊன்றி, கோழிக்கூட்டுக் கம்பிவலையை வளைத்துக் கட்டுங்கள். உள்ளே காய்ந்த வைக்கோலை நிரப்புங்கள். மிதித்து அழுத்தக் கூடாது. குளிரைத் தடுப்பது வைக்கோலுக்குள் நிற்கும் காற்று, அழுத்தினால் அது போய்விடும். வெளியே தோட்டக் கடைகளில் கிடைக்கும் ஃபிளீஸ் துணியை இரண்டு சுற்று சுற்றுங்கள். தலைக்கு மட்டும் மழை இறங்காதபடி பழைய உரப்பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகோ மரப்பட்டையோ.

ஆண்டுதோறும் பார்க்கும் பிழை: முழுத் தண்டையும் பாலிதீனால் சுற்றிவிடுவது. வாழைத்தண்டு முழுக்கத் தண்ணீர். பகல் வெயிலில் அது வியர்க்க, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வடியும். மார்ச்சில் பிரித்தால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்தான் மிச்சம்.

பிப்ரவரியில் ஒருநாள் வைக்கோலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஏப்ரல் நடுவில் ஃபிளீஸைத் தளர்த்தி, மே தொடக்கத்தில் முழுக்கப் பிரிக்கலாம். தண்டின் உச்சி குழைந்திருந்தால் கூரிய கத்தியால் வட்டம் வட்டமாகச் சீவிக்கொண்டே கீழே வாருங்கள். வெட்டுவாய் வெள்ளையாக, கெட்டியாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். புது இலை கிழங்கிலிருந்து தண்டின் நடுவழியே ஏறி வருவதால், மேலே வெட்டுவதால் சேதமில்லை. சில நாளில் நடுவிலிருந்து சுருட்டிய காகிதம்போல் குருத்து எட்டிப் பார்க்கும்.

சிவப்பு இலை வாழையை நிலவறையில் வைக்கலாமா? (பிராம்ப்டன், கனடா)

இது என்செட்டே, ஆப்பிரிக்கச் செடி. நம் வாழைபோல் பக்கக் கன்று விடாது. அதனால் நடுக்குருத்து அழுகினால் செடியே முடிந்தது. உறைபனிக்கு முன் குருத்திலையை மட்டும் விட்டு மற்ற இலைகளை வெட்டுங்கள். ஓர் அடி அகல வேர்க்கட்டியோடு தோண்டி எடுத்து, மழைபடாத இடத்தில் ஒரு வாரம் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். இலைமடல்களுக்குள் தேங்கிய தண்ணீர் வடிய வேண்டும். இந்த ஒரு வாரத்தைச் சேமிக்கப் பார்த்தவர்களின் செடிதான் ஜனவரியில் நடுவிலிருந்து அழுகுகிறது.

பிறகு வேரைச் சணல் சாக்கில் சுற்றி, நிமிர்த்தி, 5 முதல் 10 டிகிரி இருக்கும் இருட்டான இடத்தில் வையுங்கள். சூடேற்றிய நிலவறை 20 டிகிரி என்றால் அது ஒத்துவராது. வீட்டோடு ஒட்டிய, உறையாத கராஜ் அதைவிட நல்லது. மாதம் ஒருமுறை தண்டை அமுக்கிப் பாருங்கள். மார்ச் கடைசியில் தொட்டியில் நட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, புது இலை விரியும்வரை மிகக் குறைவாகத் தண்ணீர் விடுங்கள்.

கல்வாழையும் சேம்பும்? (பர்மிங்காம்)

இரண்டையும் உறைபனியில் இலை கறுத்ததும் தோண்டுங்கள். தண்டை ஒரு சாணுக்கு வெட்டி, மண்ணை உதறி, சற்றே ஈரமுள்ள மண்கலவையில் புதைத்து, 7 முதல் 10 டிகிரியில் வையுங்கள். கல்வாழைக் கிழங்கு அறவே காய்ந்தால் சுருங்கிச் சாகும், அதனால் மாதம் ஒருமுறை கை தெளிக்கிற அளவு தண்ணீர். சேம்புக்கு அதுவும் தேவையில்லை. கல்வாழை இலையில் மஞ்சள் கோடுகளும் நெளிவும் இருந்தால் வைரஸாக இருக்கலாம். மருந்து இல்லை. அந்தக் கிழங்கைச் சேமிக்காமல் குப்பையில் போடுங்கள், வெட்டிய கத்தியையும் கழுவுங்கள்.

குண்டுமல்லி இலையாகவே வளர்கிறது, பூக்கவில்லை. (ஒஸ்லோ)

டிசம்பரில் உங்கள் ஊரில் பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான். அந்த இருட்டில் மல்லிகையைச் சூடான அறையில் வைத்து உரமும் போட்டால் கொடி ஓடும், மொட்டு வராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை 10 முதல் 14 டிகிரியில், கிடைக்கிற ஜன்னல் வெளிச்சத்தில் ஓய்வு கொடுங்கள். மார்ச் தொடக்கத்தில் எல்லாக் கிளைகளையும் பாதியாக வெட்டுங்கள். தயங்க வேண்டாம், மல்லிகை புதுக் கிளை நுனியில்தான் பூக்கும். துளிர் வந்ததும் தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஜூனில் வெளியே, முழு வெயில் படும் தெற்குச் சுவரோரம்.

இன்னொன்று: ஐரோப்பியக் கடைகளில் ‘ஜாஸ்மின்’ என்று விற்கும் மெல்லிய இலைக்கொடி வேறு இனம். நம் குண்டுமல்லியின் பெயர் ஜாஸ்மினம் சம்பக். பெயரட்டையைப் படித்து வாங்குங்கள்.

உள்ளே எடுத்த செம்பருத்தி இலை பிசுபிசுக்கிறது, அடியில் மெல்லிய நூலாம்படையும் இருக்கிறது. (லெஸ்டர்)

இரண்டு எதிரிகள் ஒன்றாக வந்திருக்கின்றன. பிசுபிசுப்பு, செதில் பூச்சியோ வெள்ளை ஈயோ அசுவினியோ விடும் தேன்கழிவு. தண்டில் சிறு பழுப்புக் கொப்புளங்கள் நகத்தால் நெம்பினால் கழன்று வந்தால் அது செதில் பூச்சி. நூலாம்படை, சிலந்திப்பேன். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழும் மிளகாய்ப்பொடித் துகள்கள் நகர்ந்தால் அவைதான். வறண்ட சூட்டில் வேகமாகப் பெருகும்.

குளியலறையில் செடியைச் சாய்த்து, இலை அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். தொட்டி மண்ணைப் பையால் மூடிக்கொள்ளுங்கள். செதிலைத் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு தாவரப் பூச்சிச் சோப்புக் கரைசலை அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முட்டைக்கு இது வேலை செய்யாது, ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறையோடு நிறுத்தினால் இரண்டு வாரத்தில் பழையபடி ஆகும். அடுத்த ஆண்டு இந்தக் குளியலைச் செப்டம்பரில், உள்ளே எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கார்ன்வால் பக்கம் இதெல்லாம் வெளியிலேயே நிற்கிறதே, எங்களுக்கு ஏன் முடியவில்லை? (ஷெஃபீல்ட்)

கடல். கார்ன்வாலுக்கு அப்பால் கடலில் உள்ள சில்லித் தீவுகளில் ட்ரெஸ்கோ அபே தோட்டத்தைச் சுற்றி வளைகுடா நீரோட்டத்தின் இளஞ்சூடு இருக்கிறது. மிகப் பல ஆண்டுகளில் அங்கே உறைபனியே அரிது. அப்படியும் 1987 ஜனவரிப் பனி அத்தோட்டத்தின் பெரும்பகுதியை அழித்தது. உள்நாட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய தோட்டம் கிழக்கு சசெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர். 1993இல் அதன் உரிமையாளரான தோட்ட எழுத்தாளர் கிறிஸ்டோபர் லாயிட் பழைய ரோஜாத் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு அங்கே வாழையும் கல்வாழையும் நட்டார். கோடைக் கடைசியில் காடுபோல் நிற்கும். குளிர் வருமுன் மென்செடிகளைத் தோண்டி உள்ளே எடுப்பார்கள். உங்களுக்கும் அந்த வழிதான்.

முருங்கை? (மார்க்கம், கனடா)

இலை கொட்டியதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, 10 டிகிரிக்குக் குறையாத இடத்தில் தொட்டியோடு வையுங்கள். ஏப்ரல்வரை ஏறத்தாழத் தண்ணீரே வேண்டாம். பருத்த வேரில் ஈரம் சேமிப்பில் இருக்கிறது.

மறுபடி எப்போது வெளியே வைப்பது? (மிஸ்ஸிசாகா, கனடா)

டொரான்டோ பக்கம் மே பிற்பாதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்த பிறகு என்பது தோட்டக்காரர் வழக்கம், நல்ல வழக்கம். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்று வானிலையில் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். தென் இங்கிலாந்திலும் மே கடைசிதான்.

ஒரே நாளில் வெயிலில் வைத்துவிடாதீர்கள். உள்ளே விரிந்த இலைக்கு வெயில் பழக்கமில்லை. இரண்டே மணி நேரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொசுங்கும், அந்தத் தழும்பு ஆறாது. முதல் மூன்று நாள் நிழலில், அதுவும் பகலில் மட்டும். அடுத்த மூன்று நாள் காலை வெயில். பிறகு இரவும் வெளியே. பத்து, பதினான்கு நாளில் முழு வெயிலுக்கு வந்துவிடலாம். ஃபிளீஸ் துணியை ஜூன் முதல் வாரம்வரை மடித்து வாசலருகிலேயே வைத்திருங்கள்.